ஃபார்கோவுக்கு நாலு சக்கரம்

உக்காரு கண்ணு, உக்காரு. சக்கரம்தான் அது, ஒண்ணும் கடிக்காது. காலைச் சித்தே இந்தப் பக்கமாத் தள்ளி வெச்சுக்கோ, போதும். துணியில கிரீஸ் ஒட்டக் கூடாதுன்னுதான் சாக்குல சுத்திக் கயிறு போட்டு வெச்சிருக்கறேன்.

அந்தக் கண்டக்டர் மூஞ்சியைப் பாத்தியா? சேலத்துல நான் ஏறுனதுல இருந்து மொறைச்சுக்கிட்டே வாரான். லக்கேஜு டிக்கெட்டுப் போடோணும்னான். போடுன்னேன். போட்டுப்போட்டு, பின்னால டிக்கியில வைங்கறான். எதுக்கு வெக்கோணும்? டிக்கெட்டு வாங்குன சக்கரம் என்ற காலுகிட்ட இருந்தா இவனுக்கு என்ன போச்சு? சங்ககிரியில ஒருத்தன் கூடை நிறையக் கோழியோட ஏறுனான். அவனை ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கலை. ஆம்பளை கோழி கொண்டாந்தா செரி, பொம்பளை சக்கரம் கொண்டாந்தா தப்பு.

எங்க போறே, அந்தியூரா? நான் முன்னாலயே இறங்கிக்குவேன், பெருமாபாளையம் பிரிவுல. ஊருக்குள்ள மாவு மில்லு வெச்சிருக்கறேன். சம்பூரணத்து மில்லுன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க.

என்ன, சிரிப்பை அடக்கறே? இந்த வயசுல எதுக்குச் சக்கரத்தைத் தூக்கிட்டுத் திரியறேன்னுதானே? கேட்டுரு. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கேக்காதவங்க பின்னால பேசறாங்க. அதுக்கு நீ கேக்கறது மேல்.

எங்கப்பா வண்டிக்குக் கண்ணு. ஃபார்கோ. அந்தக் காலத்துப் பிக்கப்பு. மூக்கு நீளமா, முட்டைக் கண்ணாட்ட ரெண்டு லைட்டு, பின்னால பலகை அடிச்ச தொட்டி. எங்கப்பா தோட்டத்துல கரும்பு போட்டு, வெல்லம் காய்ச்சி, அதுல ஏத்தித்தான் சித்தோட்டு மண்டிக்குக் கொண்டுபோவாரு. அந்த வண்டிச் சத்தம் கேட்டா ரோட்டுல போற மாட்டு வண்டியெல்லாம் தானா ஒதுங்கும்.

முன்சீட்டுல அப்பா. அவரு பக்கத்துல எங்கண்ணன் சென்னியப்பன். நான் பின்னால மூட்டை மேல. 'புள்ளைக்குப் பின்னாலதான் நல்லாக் காத்து வரும்'பாரு எங்கப்பா. மழை வந்துச்சுன்னா இறங்கி வந்து தார்ப்பாயை இழுத்து, மூட்டையோட சேத்து என்னையும் மூடி விட்டுட்டுப் போவாரு. வெல்லம் நனைஞ்சா போச்சு பாரு. நானும் ஒரு சொட்டு நனையாம ஊடு வந்து சேந்துருவேன். அப்படி ஒரு பாசம் என்ற மேல. இந்தக் காலத்து அப்பனுங்களுக்கு அதெல்லாம் வருமா?

வண்டி ஓட்டக் கத்துக்கோணும்னு எனக்கும் ஆசைதான். அண்ணனுக்கு மீசை முளைக்கறதுக்குள்ள அப்பா கத்துக் குடுத்துட்டாரு. நான் கேட்டேன். 'உனக்கு எதுக்குச் சாமி அந்தக் கஷ்டம்'னு சொல்லிட்டாரு. நான் கஷ்டப்படறது அவருக்குப் பொறுக்காது.

அப்பா போயி மூணாவது ஆனி வருது. கருமாதி அன்னிக்குத்தான் எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. தோட்டம், தோட்டத்துச் சாளை ஊடு, கிணறு, ரோட்டோரத்து மானாவாரிக் காடு, எல்லாம் ஒட்டுக்கா அண்ணன் பேருக்கு எழுதியாச்சு. அப்பா கெட்டியா நடமாடிட்டு இருக்கையிலயே எழுதியாச்சு. எப்படியோ நைசாப் பேசி வாங்கிட்டான். வயசான மனுசன், மகன் சொன்ன எடத்துல கையெழுத்துப் போட்டிருப்பாரு. அவருக்கு என்ன தெரியும்?

என்ன தெரியுமான்னா கேக்கறே? மண்டியில அவரை ஏமாத்த ஒருத்தனாலயும் முடியாதுதான். அது வேற, இது வேற. பெத்த புள்ளைன்னு நம்பியிருப்பாரு.

ஒறம்பரை சனமெல்லாம் பந்தல்ல உக்காந்து வெத்தலை போட்டுட்டு இருக்குது. நான் எந்திரிச்சு நின்னு கேட்டேன், 'எனக்கு என்ன?'ன்னு. அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டான். மெதுவாச் சொல்றான், 'அப்பா வண்டியை எடுத்துக்க சம்பூரணம்.' உடனே ஒரு ஒறம்பரைக்காரன், 'ஓட்டிக்கிட்டே போயிரு அம்மணி'ன்னான். பந்தலே சிரிச்சுது. அப்பன் செத்த பந்தல்ல சிரிக்கறாங்க பாரு.

எதுக்குச் சிரிச்சாங்கன்னா, வண்டிக்குச் சக்கரமே இல்லே. சாளைக்குப் பின்னால நாலு பக்கமும் கல்லு முட்டுக் குடுத்து நிக்குது. சீட்டு மேல கோழி அடை படுத்திருக்குது. ஒரு லைட்டு இல்லே, ரேடியேட்டர் இல்லே. பானெட்டைத் தூக்குனா ஓணான் எட்டிப் பாக்குது.

செரி, எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். அப்பத்தான் அவங்க சிரிப்பு நின்னுச்சு.

மக்கா நாளு விடிஞ்சதுமே ஜேசிபியைக் கூட்டிட்டுப் போயி, தூக்கி ஒரு லாரியில வெச்சு, என்ற மில்லு வாசலுக்குக் கொண்டாந்து இறக்கிட்டேன். ஏத்தறதுக்கு முன்னால அண்ணனைக் கேட்டேன், 'சக்கரம் எங்கண்ணா?' 'டேங்கருக்குக் கீழ ஓடுது'ங்கறான். டிராக்டர்ல கோத்து இழுக்கற தண்ணி டேங்கரு. அந்த வருசம் மழையே இல்லே. கிணறு காஞ்சுபோயி, எங்கிருந்தோ தண்ணி கொண்டாந்து தென்னைக்கு ஊத்திட்டு இருந்தான். 'இப்பக் கழட்டுனா இருக்கற தென்னையும் போயிரும், மழை வரட்டும், கழட்டித் தர்றேன்'னான். 'தென்னை பெருசா, கூடப் பொறந்தவ பெருசா?'ன்னு கேட்டேன். குனிஞ்சு முட்டுக் கல்லை உருவறான். அவன் எதுக்கும் பதில் பேசமாட்டான். அந்த ஊமைத்தனம் இருக்குதே, அதைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

'வெச்சுக்க, நீயே வெச்சுக்க, உன்ற தென்னைமரம் உன்னைத் தூக்கிட்டுப் போகட்டும்'னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அன்னையில இருந்து நான் போகாத இரும்புக்கடை இல்லே.

பவானியில சிக்கண்ணன்னு ஒரு மெக்கானிக்கு. அவன் வந்து வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தான். 'எஞ்சின் ஓடும்க்கா, மத்த சாமானைக் கொண்டாங்க'ன்னான். சொல்லிட்டுப் போயிட்டான். கொண்டாங்கன்னா எங்கிருந்து கொண்டாறது? மில்லு லீவு விடற அமாவாசைக்கெல்லாம் நான் பஸ்ஸு ஏறுனேன். கோயமுத்தூரு, திருப்பூரு, கரூரு. கடைக்காரன் எவனும் என்ற மூஞ்சியைப் பாத்துப் பேசமாட்டான். எனக்குப் பின்னால எட்டிப் பாப்பான். 'ஆம்பளை யாரும் வரலீங்களா?' ஒருத்தன் பாக்கியில்லாம இதே கேள்வி. 'ஆம்பளை வந்தா வேற சாமான் எடுத்துக் காட்டுவியா? இருக்கறதைக் காட்டு'ம்பேன். இருபது வருசமா மில்லு ஓட்டறவகிட்ட வந்து, பெல்ட்டுன்னா என்னன்னு வெளக்கம் சொல்றான் ஒருத்தன்.

ரேடியேட்டர் திருப்பூருல கெடைச்சுது. ஓட்டை ரேடியேட்டரு, ஈயம் பத்த வெச்சு அடைச்சுக்கிட்டோம். கார்பரேட்டர் கரூருல. லைட்டு மாத்திரம் ஜோடி சேரவே மாட்டேன்னுது. இப்ப ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சிறுசு. இருந்துட்டுப் போகட்டும், பாக்கறவனுக்குத்தானே நோவு.

சக்கரம்தான் என்னைக் கொன்னுது. ஜீப்புச் சக்கரத்தைக் காட்டி ஒருத்தன் என்ற தலையில கட்டிட்டான். 'இதுக்கும் அஞ்சு ஓட்டை, அதுக்கும் அஞ்சு ஓட்டை, அப்படியே பொருந்தும்க்கா'ன்னான். கொண்டாந்து வெச்சா ஓட்டைக்கு ஓட்டை எடைவெளி வேற. போல்ட்டு உள்ளயே போகலை. திருப்பிக் கொண்டுபோனா, 'வித்த சாமான் வித்ததுதான்'ங்கறான். அவன் கடை வாசல்ல சக்கரத்தைப் போட்டு அது மேலயே உக்காந்துட்டேன். வந்த யாவாரத்தையெல்லாம் நானே திருப்பி அனுப்புனேன். 'ஓட்டை எண்ணிக் குடுப்பான், அளந்து குடுக்கமாட்டான், பாத்து வாங்குங்க'ன்னு. வெயிலு இறங்கறதுக்குள்ள சக்கரத்தை எடுத்துக்கிட்டு என்னை வழியனுப்பி வெச்சான்.

சத்தியமங்கலத்துல ஒரு மர மில்லு. அங்க கட்டை இழுக்கற தள்ளுவண்டிக்கு ரெண்டு ஃபார்கோ சக்கரம் மாட்டியிருக்குதுன்னு சொன்னாங்க. அங்கயும் இப்படித்தான், உக்காந்து, சண்டை போட்டு, வாங்கிட்டு வந்தேன். அதை இடது பக்கம் மாட்டறதுக்குப் பழைய நட்டைக் கழட்டறப்பத்தான் சிக்கண்ணன் ரெண்டு போல்ட்டை ஒடைச்சான். அந்த வண்டிக்கு இடது பக்கத்துல மாத்திரம் மரை தலைகீழ். எல்லாரும் கழட்டற பக்கம் திருப்புனா அது இன்னும் முடுக்கிக்கும். அதைத் தெரிஞ்சுக்காம தொங்கித் தொங்கித் திருப்பறான். படார்னு போச்சு. 'ஏண்டா, வலுவா இருந்தா எதிர்ப்பக்கம் ஒருக்கா திருப்பிப் பாக்கறதுக்கு என்ன?'ன்னு நான் போட்ட சத்தத்துல மாவு அரைக்க வந்தவங்கெல்லாம் தூக்குவாளியோட ஓடிட்டாங்க. பொறவு லேத்துல குடுத்துப் புதுசா கடைஞ்சு வாங்குனோம்.

மூணாவது சக்கரத்துக்குப் பெருந்துறைப் பக்கம் போனேன். ஒரு அம்மா வாசல்ல ரிம்மைக் கிடத்தி, மண்ணைப் போட்டு, செம்பருத்தி வெச்சிருக்குது. அடுக்குச் செம்பருத்தி, அப்படிப் பூத்திருக்குது. 'பூக்கற செடியை எப்படிங்க புடுங்கறது, பாவமில்லீங்களா'ன்னு கேக்குது. 'எங்கப்பா வண்டி கல்லு மேல நிக்குது, அது பாவமில்லீங்களா?'ன்னு நான் கேட்டேன். பெரிய சிமெண்டுத் தொட்டி ஒண்ணு வாங்கியாந்து, நானே குனிஞ்சு, வேரு அறுந்துறாம தோண்டி, செடியை மாத்தி வெச்சுக் குடுத்துட்டுத்தான் ரிம்மை எடுத்தேன். அந்த அம்மா காப்பி போட்டுக் குடுத்துது. குடிக்கறப்ப, 'உங்கப்பா உங்க மேல ரொம்ப உசுரா இருந்தாருங்களா?'ன்னு கேட்டுது. 'பின்ன?'ன்னேன். என்ன கேள்வி அது?

ஊட்டுக்காரரா? அவரு போயி ரொம்ப வருசமாச்சு கண்ணு. காமாலை. என்ற பையன் அப்பக் கைக்குழந்தை. இப்ப அவன் ஓசூருல வேலையில இருக்கறான். அந்தச் சமயத்துல எங்கப்பா இந்த வண்டியிலதான் வந்தாரு. வாசல்ல நிறுத்தி, ஜன்னல் வழியாவே, 'தைரியமா இரு சாமி'ன்னாரு. இறங்கலை. வண்டி நிறைய வெல்லம், மண்டிக்கு நேரமாச்சு. அந்த அவசரத்துலயும் வழியில நிறுத்திச் சொல்லிட்டுப் போனாரு பாரு, அந்த மனசு யாருக்கு வரும்?

மில்லா? ஊட்டுக்காரரு போன பொறவு வெச்சது. மோட்டாரு அண்ணன் வாங்கிக் குடுத்ததுதான். கரண்டு இழுத்து, கல்லு வாங்கிப் போட்டு, மொத நாள் மாவு அரைச்சுக் காட்டிட்டுப் போனதும் அவன்தான். இல்லேங்கலை. ஆனா அப்பா சொல்லித்தான் செஞ்சிருப்பான். அவனுக்கா அதெல்லாம் தோணும்?

இரு, பாலம் வந்துருச்சா? காவேரியில தண்ணி போகுதா? போகுது, போகுது. இந்த வருசம் மழைக்குக் கொறை இல்லே. அந்த மழைதான் எல்லா வெனைக்கும் காரணம்.

அண்ணன் மகள் ஓவியாவுக்குக் கல்யாணம். நாளைக் கழிச்சு நாளான்னைக்கு முகூர்த்தம். அந்தப் புள்ள ரெண்டு வாரத்துக்கு முன்னால ஸ்கூட்டியில மில்லுக்கு வந்துச்சு. எனக்கும் அதுக்கும் எப்பவும் ஆகும். அது வந்து, வண்டி பானெட்டைத் தடவிப் பாத்துட்டு, 'அத்தை, மண்டபத்துக்கு நான் இதுலதான் வருவேன்'ங்குது. அவங்கம்மா, அதான் என்ற நங்கை, கருமாதிப் பந்தல்ல முந்தானையால வாயை மூடிட்டுச் சிரிச்சவ, அவ மகள் இந்த வண்டியிலதான் வருவாளாம். எனக்கு அப்படியே உச்சி குளுந்துருச்சு. ஆனா காட்டிக்கலை. 'மூணு சக்கரத்துல எப்படி வருவே? நாலாவது உங்கப்பன்கிட்ட இருக்குது, போயிக் கேளு'ன்னேன்.

சும்மா ஒரு கோவத்துல சொன்னதுதான். அது போயிக் கேட்டுருச்சு.

மக்கா நாளு சாயங்காலம் அண்ணன் வாரான். குட்டியானை லோடு வண்டியில. ஒண்ணு இல்லே, நாலு சக்கரத்தையும் கழட்டி எடுத்துட்டு வாரான். மண்ணு போகத் தேய்ச்சு, கழுவி, பெயிண்டு அடிச்சு. வலது கையில பெரிய கட்டு. துருப்பிடிச்ச நட்டுல ஸ்பானர் வழுக்கி உள்ளங்கை கிழிஞ்சுருச்சாம். தையல் போட்டிருக்குது. என்ற மில்லு வாசல்ல ஒவ்வொண்ணா ஒத்தைக் கையில இறக்கறான்.

நான் என்ன கேட்டிருப்பேன்னு நெனைக்கறே? 'உன்ற பொண்ணு கேட்டதும் கழண்டுச்சா? நான் கேட்டப்ப மாத்திரம் ஒட்டிக்கிச்சா?'ன்னேன். தப்பா? நீ சொல்லு, தப்பா? 'மழை வந்தாத் தர்றேன்னுதானே சொன்னேன், மழை வந்துச்சு, கொண்டாந்துட்டேன்'ங்கறான். மழை வந்து எத்தனை மாசமாச்சு! 'நீ ஊட்டுப் பக்கமே வரலை, நான் வந்தாலும் மில்லை நிறுத்திட்டு உள்ள போயிர்றே'ங்கறான். போவேன். எதுக்குப் போகாம இருப்பேன்?

அப்புறம் எனக்கு வாய் நிக்கலை. 'எங்கப்பாவை ஏமாத்திச் சொத்தை எழுதி வாங்குனவன் குடுத்த சக்கரத்துல என்ற வண்டி ஓட வேண்டாம். எங்கப்பா மாத்திரம் இருந்திருந்தா இந்நேரம்...'னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான். எந்நாளும் வாயைத் திறக்காதவன் திறந்துட்டான். 'அப்பா, அப்பா, அப்பா! அப்பா உனக்கு என்ன பண்ணினாரு? தங்கச்சிக்கு ஒரு பங்கு எழுதலாம்ப்பான்னு சொன்னவன் நானு. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல வெச்சு, நாலு பேரு பாக்கச் சொன்னேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா?'ங்கறான்.

நான் காதைப் பொத்திக்கிட்டேன். செத்த மனுசன் மேல பழி போடறான் பாரு. எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லவா போறாரு? 'போடா வெளிய'ன்னேன். அண்ணனை வாடா போடான்னு ஒரு நாளும் சொன்னதில்லே. அன்னைக்குச் சொன்னேன். அவன் அந்தக் கட்டுப் போட்ட கையாலயே கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். நல்லா நடிக்கறான்.

சக்கரமா? விட்டுட்டுத்தான் போனான். செவுத்தோரமா நாலும் சாஞ்சு நிக்குது. அதுக மேல எனக்கென்ன கோவம்? மழையில நனையக் கூடாதுன்னு சாக்கைப் போட்டு மூடி வெச்சிருக்கறேன்.

பின்ன எதுக்குச் சேலம் போனேன்னா கேக்கறே? இவ்வளவு நேரம் என்ன கேட்டே நீ? அவன் குடுத்து ஓட வேண்டாம். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வண்டி போகும், அந்தப் புள்ள ஆசைப்பட்டுருச்சு, போகும். ஆனா நான் தேடிக் கொண்டாந்த சக்கரத்துல போகும். சேலத்துல ஒரு பழைய இரும்புக்கடைக்காரன், கடையை இழுத்து மூடப் போறவன், குமிச்சுப் போட்டிருந்த சாமானுக்கு அடியில ஒண்ணு கெடக்குதுன்னு சிக்கண்ணன் சொன்னான். காலையில போயி நானே கூட நின்னு குமியைக் கலைச்சு எடுத்தேன். பாரு, நகமெல்லாம் எப்படி இருக்குதுன்னு. ஒத்தைச் சக்கரம். ஆனா ஓட்டைக்கு ஓட்டை அளந்துதான் வாங்குனேன்.

என்ன கேட்டே? சத்தமாக் கேளு.

எங்கப்பா என்ன சொன்னாருன்னா?

எனக்கெப்படித் தெரியும்? காதைப் பொத்திக்கிட்டேன்னுதானே சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாரு. சொல்லியிருந்தா என்கிட்டச் சொல்லியிருப்பாரு. அதுக்கப்புறம் எத்தனை வருசம் இருந்தாரு! தீவாளி, பொங்கல்னு நோம்பிக்கு நோம்பி நான் போவேன், கோழி அடிச்சுச் சோறு ஆக்கிப் போடுவேன், எதுக்கால உக்காந்து சாப்பிடுவாரு. ஒரு நாளு, ஒரு வார்த்தை, 'சாமி, இப்படி எழுதிட்டேன்'னு...

சொல்லலை. சொல்லலைன்னா என்ன அர்த்தம்? மறந்திருப்பாரு.

நீ எதுக்கு என்னை அப்படிப் பாக்கறே? படிச்ச புள்ளைக பாக்கற பார்வையைப் பாரு. நீயும் அவனாட்டத்தான் பேசறே. உனக்கு எங்கப்பாவைத் தெரியுமா? அந்த மூட்டை மேல உக்காந்து வந்தவ நானு. எனக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியும்? அண்ணன் கெட்டவன். அவன் கெட்டவனாத்தான் இருக்கோணும். அவன் இல்லேன்னா...

விடு. பேசாம வா.

தண்ணி இருக்குதா உன்கிட்ட? குடு. ம்.

பிரிவு வந்துருச்சு. நகரு கண்ணு, நான் எந்திரிக்கறேன். அதென்ன, அங்க புளியமரத்துக்கிட்ட நிக்கற குட்டியானை? யாரு அது? அவனேதான். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நிக்கறான். இவனை யாரு வரச் சொன்னது? ஓவியாதான் சொல்லியிருப்பா, அந்தக் கழுதை வாயில எதுவும் நிக்காது.

கண்டக்டரு, விசிலை எடுங்க வாயில இருந்து. சக்கரம் இறங்கட்டும். டிக்கெட்டு வாங்கியிருக்கறேன்ல? கண்ணு, அந்தக் கயித்தைச் சித்தே பிடி.

படியில ஏறிட்டான் பாரு! நீ எதுக்கு மேல ஏறுறே? இறங்கு. நானே இறக்கிக்குவேன். தொடாதே. தொடாதேங்கறேன்!

என்ன, ஊரு ரெண்டு மைலா? எனக்குத் தெரியாதா ரெண்டு மைலுன்னு? உருட்டிட்டுப் போவேன். உனக்கென்ன வந்துச்சு?

இரு. படியிலயே நில்லு. ஒண்ணு சொல்லிட்டுத் தொடு. இங்கயே சொல்லு, இந்தப் புள்ள முன்னாலயே சொல்லு. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நீ கேட்டதுக்கு அப்பா என்ன சொன்னாரு?

இல்லே, இன்னைக்குக் காதைப் பொத்தலை. சொல்லு.

சத்தமாச் சொல்லுண்ணா, பஸ்ஸு எரைச்சல்ல கேக்கலை.

'அதைத்தான் கட்டிக் குடுத்தாச்சே'ன்னாரா?

அப்புறம்?

அப்புறம் என்ன சொன்னாரு? ஒண்ணுமே சொல்லலையா? எதுக்கால கடையில போயி ரெண்டு டீ சொன்னாரா? உனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. குடிச்சுட்டு உள்ள போயிட்டீங்க. அவ்வளவுதானா?

என்ற பேரைக்கூட எடுக்கலையா?

'அதை'ன்னுதான் சொன்னாரா?

செரி.

கண்டக்டரு, இருங்கங்கறேன்ல! ஒரு நிமிசம் நின்னா உங்க பஸ்ஸு ஒண்ணும் தேஞ்சு போயிராது.

என்னண்ணா பாத்துட்டு நிக்கறே? அந்தப் பக்கம் பிடி. நீ கொண்டாந்த நாலையும் நாளைக்குக் காலையில சிக்கண்ணனை வரச் சொல்லி மாட்டிரலாம். இது ஸ்டெப்னிக்கு இருக்கட்டும். அந்தக் கையில பிடிக்காதே, நல்ல கையில பிடி. கட்டு அவுந்து தொங்குது, அதை ஒழுங்காக் கட்டிவிடக்கூட ஆளில்லையா உன்ற ஊட்டுல?